சதேக்கியின் தலையைப் பிடித்த கைகள்

1

ஒரு படகு தாமதமானதால் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை. பசிபிக் தீவு நாடான டோங்காவின் வடக்கே, வவாவுத் தீவுகளில் ஒன்றின் சின்னப் படகுத்துறையில் அகனேசி தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் விடுப்பில் அப்பாவைப் பார்க்க ஆக்லாந்திலிருந்து வந்தவள், திரும்பிக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு வரவேண்டிய படகு எட்டரை ஆகியும் வரவில்லை. காலடியில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் அத்தை கட்டிக் கொடுத்த சேப்பங்கிழங்கு. பேச்சுத் துணைக்கு நான் இருந்தேன். [‘பேச்சுத் துணை’ என்பது நேர்மையான சொல் இல்லை. நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.]

இங்கே பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பதினேழு வருடம் ஆகிறது. அவ்வப்போது இந்த ஊர்ச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவதும் உண்டு. அகனேசியும் என்னிடம் படித்தவள்தான். எழுதலாமா என்று கேட்டேன்.

“பேரை மாத்திடுங்க சார்.”

மாற்றிவிட்டேன். தீவின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஞாயிறு விடியலில் சதேக்கியின் வீடு அவரைச் சுற்றி ஓடத் தொடங்கியது. முதலில் சுவர்கள், பிறகு சுவரில் மாட்டிய கல்யாணப் படம், பிறகு —’

அடித்துவிட்டேன். ஒரு மனிதர் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுக்கும்போது பக்கத்தில் நின்று உவமை தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது:

‘ஆக்லாந்து மருத்துவமனை ஒன்றின் தலைசுற்றல் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் அகனேசி, வாரத்துக்கு ஏழெட்டுப் பேரின் தலையைக் கையில் ஏந்துகிறவள்.’

செய்தித்தாள் வாக்கியம். ஆனாலும் இந்தத் தகவல் உங்களுக்கு வேண்டும். எனவே அடிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது:

‘சதேக்கிக்கு அறுபத்தெட்டு வயது. அவர் பெற்ற நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட இதுவரை அவர் தலையைத் தொட்டதில்லை.’*

இதுதான் தொடக்கம். கொஞ்சம் தள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

(* இங்கே அப்பாவின் தலை பிள்ளைகளுக்கு ஆகாது. அவர் தட்டில் மீந்ததையும் தின்னக் கூடாது. ஏன் என்று கேட்டால் “அப்பா இல்லையா?” என்பார்கள். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டி உட்காராதே என்று நமக்குச் சொன்னவர்களிடம் காரணம் கேட்டிருந்தால் ஏறக்குறைய இதே பதில்தான் வந்திருக்கும்.)

3

என் முதல் வரைவில் அகனேசியின் அம்மா சேலா வீட்டில் இருந்தார். கதை மூன்றாம் பத்தியில் முடிந்துபோயிற்று. மனைவிக்கு இந்த விலக்கு கிடையாது. மாதம் ஒருமுறை சதேக்கிக்கு முடி வெட்டிவிடுவதே சேலாதான். அவருடைய தலைசுற்றலுக்கு வைத்தியமோ, யாராவது தலையைப் பிடித்துத் திருப்புவதுதான். “இப்படித் திருப்பணுமா? சரி” என்று திருப்பிவிட்டு, தேங்காய்ப்பால் பிழியப் போயிருப்பார்.

எனவே சேலாவைக் கொன்றேன். நான்கே சொற்கள்: ‘சேலா இறந்து மூன்று வருடம்.’

இரண்டு நாள் கழித்துச் சேலா கடைவாசலில் எதிரே வந்தார். “என்ன சார், பேய் கண்ட மாதிரி பாக்குறீங்க?” என்றார். வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தை அடித்தேன். உண்மையில் அந்த ஞாயிறு அவர் தலைநகரில், சபைப் பெண்கள் மாநாட்டில் இருந்தார். புதன்கிழமைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் விமானம் பறக்காது, படகு போகாது. இவ்வளவு வசதியாக உண்மை இருக்கும்போது ஓர் ஆளைக் கொன்றது என் அவசரம்.

4

ஐந்து மணிக்கு சர்ச்சில் முதல் மணி அடித்தது. சதேக்கி எழுந்திருக்க வலப்பக்கம் புரண்டார். கத்தினார்.

அப்பா கத்தி அகனேசி கேட்டதேயில்லை. ஓடிப்போய் அறை வாசலில் நின்றாள்.

“அப்பா? என்னாச்சு?”

“அசையாதே.”

“நான் அசையலப்பா.”

“வீடு அசையுது. நீயும் சேந்து அசையாதே.”

பக்கவாதமோ என்று நினைத்தாள். மற்றவர்களின் அப்பாக்களுக்குச் செய்வதை வரிசையாகச் செய்தாள்.

“சிரிங்கப்பா.”

“இப்பவா?”

“பல்லைக் காட்டுங்க, போதும். ரெண்டு கையையும் தூக்குங்க. அப்படியே வைங்க. இன்னிக்குப் பிரசங்கத்தோட முதல் வரி சொல்லுங்க.”

அன்று அவர் பிரசங்கம் செய்யவேண்டிய முறை. முதல் வரியைக் குழறாமல் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். ஐந்தாவது வரியில் அவள்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

“போதும்பா.”

“தொடக்கம் எடுபடுமா?”

“நல்லா எடுபடும். ராத்திரி கவா ஜாஸ்தியா?”

“பாதிரியார் வந்திருந்தார். மரியாதைக்கு ஒரு கிண்ணம்.”

“எத்தனை மரியாதை?”

கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். “ஒம்போது.”

காரணம் கவா என்கிற வேர்ச்சாற்றின் மயக்கம் இல்லை. மறுபடி அவர் வலப்பக்கம் திரும்பியபோது அவள் அவர் கண்களைப் பார்த்தாள். கருவிழி இரண்டும் சுண்டிச் சுண்டி இழுத்தன. பதினைந்து நொடியில் அடங்கின. அவளுக்கு இது வாரத்துக்கு ஏழெட்டு முறை பார்க்கும் காட்சி. உட்காதில் துகள்கள் இடம் மாறி உருண்டிருக்கின்றன. தலையை இன்ன வரிசையில், இவ்வளவு நேரம் திருப்பி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கால் மணி நேர வேலை.

இருந்தாலும் பெரிய தீவிலுள்ள மருத்துவமனையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பணியிலிருந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கழுத்து வலி இல்லை, பார்வை இரட்டையாகத் தெரியவில்லை, நாக்கு குழறவில்லை.

“அப்போ நீங்களே பண்ணிடலாமே. உங்க வேலைதானே இது?”

“அவர் என் அப்பா.”

டாக்டரும் இந்த ஊர்க்காரர்.

“ஓ,” என்றார். “தலையைப் பிடிக்க வேற யாரையாவது பாருங்க. நாளைக்கும் சுத்தினா இங்க கூட்டிட்டு வாங்க. பேச்சு குழறினா ஞாயிறுன்னு பாக்காம உடனே படகெடுங்க.”

அகனேசி அப்பாவிடம் விளக்கினாள்.

“காதுக்குள்ள மணல் மாதிரி துகள் இருக்குப்பா. அது இடம் மாறிடுச்சு.”

“அறுபத்தெட்டு வருஷமா காதுக்குள்ள கடற்கரையை வெச்சுக்கிட்டா அலையறேன்?”

“தலையைத் திருப்பினா பழைய இடத்துக்குப் போயிரும்.”

“யார் திருப்பணும்?”

அவள் வாளியைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது, “நானே திருப்பிக்கறேன். சொல்லு,” என்றார். சொன்னாள். பாதியில் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாளி மறுபடி தேவைப்பட்டது.

[இந்த இடத்தில் நான் நிறையத் தடுமாறினேன். வரைவைப் படித்த சென்னை நண்பர் ஒருவர், “அவள் தொட்டுவிட வேண்டியதுதானே? மூடப்பழக்கத்தை உடைத்தாள் என்று முடியுங்கள்,” என்று எழுதினார். அந்த முடிவை எழுதியும் பார்த்தேன். அதில் அகனேசி நிமிர்ந்து நின்றாள், ஜன்னலில் சூரியன் எழுந்தது, அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவளுக்கு வழக்கத்தைப் பற்றிய பயம் எதுவும் இருக்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் சம்மதித்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் கேட்க முடியவில்லை. “சரி, தொடு” என்று அவர் சொல்லிவிட்டால், இனி ஒவ்வொரு முறை அவள் அறைக்குள் வரும்போதும் அவர் அந்தச் “சரி”யை நினைப்பார். நாளைக் காலை அவள் படகேற வேண்டும். சுற்றும் தலையோடு விட்டுவிட்டு ஏற முடியாது. தலையைச் சரிசெய்கிறேன் என்று அவரை அவர் வீட்டிலேயே ஒரு படி இறக்கிவிட்டும் ஏற முடியாது. கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கழுத்தைத் திருப்பும் முறை.]

5

ஒன்பது மணிக்கு லூபே அத்தை வந்தார். சதேக்கியின் அக்கா. எழுபத்து நான்கு வயது. தலையில் வெள்ளைத் தொப்பி, சர்ச்சுக்குப் போக இடுப்பில் சுற்றிக்கட்டிய பாய், கையில் விசிறி. முற்றத்திலேயே நின்றார்.

“பொண்ணே! இன்னிக்குப் பிரசங்கம் இருக்கறது உங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு.”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இருக்குன்னு சொல்லு அத்தைகிட்ட.”

“அப்போ அவர் சர்ச்சுக்கு வராரா, இல்ல சர்ச்சைத் தூக்கிட்டு நாங்க இங்க வரணுமான்னு கேளு.”

“வீடு நின்னதும் வரேன்னு சொல்லு.”

அகனேசி நடுவில் ஒரு சொல்லும் சொல்லவேண்டியிருக்கவில்லை, நின்றால் போதும். அக்காவும் தம்பியும் இங்கே நேருக்கு நேர் வேடிக்கை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஐம்பது வருடமாக அவர்கள் பேச்சு யாராவது ஒருவர் வழியாகத்தான் நடக்கிறது. அக்கா தம்பியின் படுக்கையறைக்குள் கால் வைப்பதும் கிடையாது. அதே சமயம் அந்தக் குடும்பத்தில் லூபேயின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலிருந்து யாரை எங்கே புதைப்பது என்பதுவரை அவர் முடிவு. தம்பியைவிட உயர்ந்தவர், தம்பியின் தலை அவருக்கு ஆகாததல்ல.

முற்றத்தில் நின்று அகனேசி எல்லாவற்றையும் சொன்னாள்.

“எவ்வளவு நேரம்?”

“கால் மணி.”

“நான் பிடிக்கறேன். வெளிய கொண்டு வா.”

“அப்பாவையா? அவரால எழுந்திருக்கவே முடியல அத்தை.”

“எழுந்திருக்கச் சொன்னேனா? பாயோட இழு.”

இழுத்தாள். அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மெதுவா. நான் கிழங்கு மூட்டை இல்ல,” என்றார். கூடத்தின் நடுவில் பாய் வந்து நின்றது.

(பக்கத்து வீட்டு ஆண்கள் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று பின்னர் லூபேயிடம் கேட்டேன். “பிரசங்கியார் வாளியோட கெடக்கறதை சபை பூரா பாக்கணுமா?” என்றார். மூன்று வீடு தள்ளி நான் இருந்தேனே, எனக்கு எந்த உறவும் இல்லையே என்றேன். “நீ நல்லவன்தான். ஆனா எழுதிருவே.” எழுதியதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

6

சதேக்கியின் தோளுக்குக் கீழே தலையணை. தலைமாட்டில் லூபே, தொப்பியைக் கழற்றாமல். பக்கவாட்டில் அகனேசி, அப்பாவின் கண்கள் தெரியும்படி மண்டியிட்டு. தன் தலையைத் தானே பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

“வலப்பக்கம் இவ்வளவு. அப்புறம் பின்னால சரிய விடணும், தோளைவிடக் கீழ இறங்கணும். அப்பா, கண்ணைத் திறந்தே வைங்க. நான் பாக்கணும். முப்பது எண்ணுவேன்.”

எண்ணினாள். கண்கள் சுண்டவில்லை. எதுவும் ஆகவில்லை. அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை. உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் வீடு மறுபடி கிளம்பியது.

முறை தவறாது என்று அவளுக்குத் தெரியும். எங்கே தவறியது? பாயைப் பார்த்தாள். தலை இருந்த இடத்தில், அழகாக நான்காக மடித்த வெள்ளைச் சால்வை ஒன்று கிடந்தது. அத்தையின் சால்வை.

“அத்தை, இதை யாரு வெச்சா?”

“நான்தான்.”

“எப்போ?”

“நீ எண்ணிக்கிட்டிருந்தப்போ.”

“தலை கீழ இறங்கணும்னு சொன்னேனே! இறங்கினாத்தான் உள்ள துகள் உருளும்.”

“உங்கப்பா தலை தரையில தொங்கணுமா? சந்தையில பன்னித்தலை தொங்கற மாதிரி? நான் இருக்கறப்பவா?”

“சிகிச்சை அத்தை இது!”

“இருக்கட்டும். மரியாதையா சிகிச்சை பண்ணு.”

பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் திடுக்கிட்டுக் குனிந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் சுற்றியது, சுற்றியதால் முனகினார், மறுபடி சிரித்தார்.

“சொல்லு உங்கத்தைகிட்ட,” என்றார் மூச்சு வாங்க, “தொங்கட்டும்னு.”

லூபே சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

[ஆக்லாந்தில் எட்டு வருடத்தில் எத்தனை பேருக்கு இதைச் செய்திருப்பாள் என்று படகுத்துறையில் அகனேசியிடம் கேட்டேன். கணக்கு வைக்கவில்லை என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்: “கெழவங்க தலை ரொம்ப கனமா இருக்கும் சார். பயத்துல கழுத்தை விறைப்பா வெச்சிருப்பாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல நம்பி விட்டுருவாங்க. அப்போ இன்னும் கனமாயிடும். ஒவ்வொரு தடவையும் அப்பா தலை இவ்வளவு இருக்குமான்னு நெனைப்பேன்.”]

7

இரண்டாம் முறை. இங்கிருந்து எனக்கு இரண்டு கதைகள் கிடைத்திருக்கின்றன.

இரண்டிலும் பொதுவானவை இவை. வலப்பக்கம் திருப்பியதும் சதேக்கியின் கண்கள் சுண்டின. துகள் உருளத் தொடங்கிவிட்டது, நல்ல அறிகுறி. முப்பது எண்ணி முடித்ததும் இடப்பக்கம் திருப்பவேண்டும். லூபேயின் விரல் முட்டிகள் வீங்கிப்போனவை. காலையில் தேநீர்க் கோப்பையையே இரண்டு கையால்தான் பிடிப்பார். அது மூவருக்கும் தெரியும். பாதித் திருப்பத்தில் விரல்கள் விட்டுக்கொடுத்தன. தலை சரிந்தது. அகனேசியின் கைகள் அதை ஏந்தப் போயின.

அகனேசி படகுத்துறையில் சொன்னது: அவள் கைகள் அத்தையின் கைகளுக்கு மேல் போய் அழுத்திக்கொண்டன. மேலே அவள் கை, நடுவே அத்தையின் கை, கீழே அப்பா. அப்படியே இடப்பக்கம் திருப்பி முப்பது எண்ணி, பிறகு உடம்போடு ஒருக்களித்து முப்பது எண்ணினார்கள். “அத்தை கைதான் பிடிச்சிருந்துது சார். நான் அத்தையைப் பிடிச்சிருந்தேன்.”

லூபே வியாழக்கிழமை என்னிடம் சொன்னது: “என் கையா? அது அப்பவே வழுக்கி வெளிய வந்துடுச்சே. மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“அப்போ அகனேசி பொய் சொல்றாளா?”

“அவ எதுக்குப் பொய் சொல்லணும்? கைக்குக் கீழ சூடா இருந்திருக்கும். அது என் கைன்னு நெனைச்சிருப்பா. நெனைக்கட்டுமே.”

பதினேழு வருடத்தில் இந்த ஊரைப் பற்றி நான் எழுதி அனுப்பிய செய்திகளில், இருவர் முரணாகச் சொன்னால் மூன்றாமவரைக் கேட்பேன். இங்கே மூன்றாமவர் சதேக்கி ஒருவர்தான். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நடமாடிக்கொண்டிருந்தார். வேலியோரம் மரவள்ளிக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். நான் ஏன் வந்தேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

“நான் கண்ணை மூடிட்டேன் சார்,” என்றார்.

“திறந்து வைக்கச் சொன்னாளே, பார்க்கணும்னு.”

“ஆமா. பொண்ணு கோவிச்சுக்கிட்டா. ‘அப்பா, கண்ணு, கண்ணு’ன்னா. நான் திறக்கல.”

“எப்போ மூடினீங்க?”

இன்னொரு குச்சியை ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்கினார்.

“தேவைப்பட்டப்போ.”

8

முடிவுக்கு வந்துவிட்டேன். என்னிடம் முடிவு இல்லை.

‘சதேக்கி அன்று சர்ச்சுக்குப் போய்ப் பிரசங்கம் —’ இல்லை. அவரை உட்கார்ந்தே இருக்கச் சொன்னாள் அகனேசி. வேறொருவர் பிரசங்கம் செய்தார். ஊர் முழுக்கப் பாடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

‘அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து —’ இதுவும் இல்லை. பார்த்துக்கொள்ளவில்லை.

நடந்தது இது. எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தார். கூரை, சுவர், கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. “நன்றி லூபே,” என்றார், நடுவில் யாரும் இல்லாமல், நேராக அக்காவைப் பார்த்து. லூபே விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். “நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பிப் போனார்.

அதன்பிறகு அகனேசி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் தன் உள்ளங்கைகளால் நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொடக்கூடாததைத் தொட்ட கை பெரியவர்களின் பாதத்தில் பட்டால் நேராகிவிடும் என்று இங்கே வெகுகாலத்துக்கு முன் ஒரு வழக்கம் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் தலைமுறைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் பிடித்தாய் என்று படகுத்துறையில் கேட்டேன்.

“கால் ஜில்லுன்னு இருந்துச்சு சார்.”

அந்த ஞாயிறு முப்பத்தொரு டிகிரி வெயில். படகு வந்துகொண்டிருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நிருபனாக அது என் தவறு.

ஏழாம் பகுதியில் சேர்க்க இரண்டு வாக்கியங்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் கைகளுக்கும் அவர் தலைக்கும் நடுவே அத்தையின் கைகள் இருந்தன.

அவள் கைகளுக்கும் அவர் தலைக்கும் நடுவே எதுவும் இல்லை.

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். எதை அடித்தாலும் சதேக்கியின் கண்கள் மூடித்தான் இருக்கும்.